சட்டைப் பைக்குள் ஒரு கேமரா: பழைய குட்டிக் கேமராக்களும் உளவுக் கேமராக்களும் சேகரிக்க முழுமையான வழிகாட்டி

“சார், இது சி.ஐ.டி. கேமரா. எஸ்டேட்டு வெள்ளைக்காரன் வெச்சிருந்தது.”

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய சாமான் கடை. கடைக்காரர் என் உள்ளங்கையில் வைத்த பொருள் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு. முன்னால் குட்டி லென்ஸ், பின்னால் சிவப்புக் கண்ணாடி ஒட்டிய ஒரு பொத்தல், கிழிந்த தோல் உறை. 3,500 சொன்னார். 2,800க்கு முடித்தேன். பஸ்ஸில் வரும்போதுகூடப் பையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த துப்பறியும் படங்களில் ஜெய்சங்கரைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. ‘சி.ஐ.டி.’ என்று சொன்னால் எங்களுக்குக் கை தானாகப் பணப்பைக்குப் போகும்.

ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. அது ‘ஹிட்’ வகைக் கேமரா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பல கம்பெனிகள் பல பெயர்களில் செய்து மலிவாக விற்ற பொருள். 17.5 மி.மீ. அகல ஃபிலிம், 14க்கு 14 மி.மீ. படம். விளையாட்டுச் சாமானுக்கும் கேமராவுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. எந்த சி.ஐ.டி.யும் அதைத் தொட்டிருக்க மாட்டார். கேமராவுக்கு ஐந்நூறும் கதைக்கு 2,300ம் கொடுத்திருக்கிறேன் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

இந்தப் பொழுதுபோக்கில் இறங்கும் எல்லாரும் ஒரு முறையாவது இப்படிக் கதைக்குக் காசு கொடுப்பார்கள். இரண்டாவது முறை கொடுக்காமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: குட்டி வேறு, மறைவு வேறு

முதலில் இரண்டு குடும்பங்களைப் பிரித்துப் பழகுங்கள்.

சப்மினியேச்சர் என்பது அளவைக் குறிக்கும் சொல். வழக்கமான 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு படம் 24க்கு 36 மி.மீ. இருக்கும். அதைவிட நன்றாகச் சிறிய படம் எடுக்கும் கேமராக்களுக்குத்தான் இந்தப் பெயர். அவை கேமரா மாதிரியே இருக்கும், உருவம்தான் சின்னது.

மறைவுக் கேமரா என்பது வேறு பொருளின் வேஷம் போட்டது. கைக்கடிகாரம், சிகரெட் லைட்டர், பாக்கெட் வாட்ச், கோட்டுப் பொத்தான் என்று ஏதாவது ஒரு வேஷம்.

உளவாளிகள் கையில் இருந்த கேமராக்கள் பெரும்பாலும் முதல் வகை. வேஷம் போட்டு வந்தவற்றில் பெரும்பாலானவை ஊர் மக்களுக்கு வேடிக்கைப் பொருளாக விற்கப்பட்டவை. கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் யோசித்தால் நியாயம்தான். வேலைக்குப் போகிறவனுக்குத் தெளிவான நெகட்டிவ் வேண்டும். விருந்துக்குப் போகிறவனுக்குத்தான் லைட்டரில் கேமரா வேண்டும்.

படி 2: குடும்ப வரைபடத்தை மனப்பாடம் செய்யுங்கள்

ஆண்டுகள் தெரிந்தால் பாதிப் பொய்கள் கடை வாசலிலேயே உதிர்ந்துவிடும். அதனால் இந்தப் படியில் கொஞ்சம் அதிகமாகவே உட்காருவோம்.

தலைமகன் மினாக்ஸ். கண்டுபிடித்தவர் வால்டர் ஸாப், 1905இல் இன்றைய லாட்வியாவின் ரீகா நகரில் பிறந்தவர். ஒற்றர்களை நினைத்து அவர் அதைச் செய்யவில்லை. எந்நேரமும் சட்டைப் பையில் கிடக்கும் ஒரு கேமரா வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. லாட்வியாவின் வி.இ.எஃப். தொழிற்சாலை அதை 1938 வாக்கில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1943 வரை ரீகாவில் சுமார் 17,000 கேமராக்கள் செய்தார்கள். துருப்பிடிக்காத எஃகு உடம்பு, 15 மி.மீ. எஃப் 3.5 லென்ஸ், 8க்கு 11 மி.மீ. படம். ஒரு சுருளில் 50 படங்கள். 1940இல் சோவியத் நாடு லாட்வியாவை விழுங்கியது, அடுத்த ஆண்டே ஜெர்மனி வந்துவிட்டது. நடுவில் இருந்த அந்தக் குறுகிய காலத்தில் ‘சோவியத் நாட்டில் செய்தது’ என்ற முத்திரையோடு வந்தவை எண்ணிக்கையில் குறைவு, விலையில் அதிகம்.

போர் முடிந்தபின் ஸாப் ஜெர்மனியில் புதிதாகத் தொடங்கினார். 1948இலிருந்து வந்த மினாக்ஸ் ஏ வகைக்கு அலுமினிய உடம்பு. 1958இல் மினாக்ஸ் பி, வெளிச்சமானி உள்ளேயே பொருத்தியது. 1969இல் எலக்ட்ரானிக் ஷட்டரோடு மினாக்ஸ் சி. 1978இல் எல்.எக்ஸ். இந்த நான்கு எண்களை மட்டும் மறக்காதீர்கள். ‘இரண்டாம் உலகப் போரில் நேதாஜி படை வைத்திருந்த மினாக்ஸ்’ என்று ஒருவர் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். படத்தில் வெளிச்சமானியின் ஜன்னல் பளிச்சென்று தெரிந்தது. 1958இல் பிறந்த கேமரா 1944இல் எப்படிச் சண்டைக்குப் போகும்?

நிஜமாகவே உளவுக்குப் போன மினாக்ஸும் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் ரகசியங்களைச் சோவியத் நாட்டுக்குப் பல ஆண்டுகள் விற்று 1985இல் பிடிபட்ட ஜான் வாக்கர், ஆவணங்களைப் படமெடுத்தது மினாக்ஸ் சியில்தான். இந்தக் கேமராவோடு ஒரு மெல்லிய சங்கிலி வரும். பார்த்தால் சாவிக்கொத்துச் சங்கிலி மாதிரி இருக்கும். அதில் நடுநடுவே உள்ள மணிகள் அளவுக் குறிகள். கேமராவை மேசைமேல் உள்ள காகிதத்துக்கு நேரே பிடித்து, சங்கிலியைத் தொங்கவிட்டு, எந்த மணி காகிதத்தைத் தொடுகிறதோ அந்தத் தூரத்தைக் கேமராவில் வைத்தால் எழுத்துகள் துல்லியமாக விழும். 20 செ.மீ. வரை கிட்டப் போகலாம். பல விற்பனையாளர்கள் அந்தச் சங்கிலியை வெறும் அலங்காரம் என்று நினைத்துத் தனியாகக் கழற்றி வைத்துவிடுகிறார்கள். கேட்டு வாங்குங்கள்.

அடுத்து 16 மி.மீ. ஃபிலிம் கூட்டம். ஜப்பானின் மினோல்டா 16 வந்தது 1957இல். உள்ளே இழுத்து வெளியே தள்ளும் உடம்பு, 10க்கு 14 மி.மீ. படம், தங்கம், சிவப்பு, நீலம், பச்சை என்று வண்ணங்கள். அதைப் பார்த்துச் சோவியத் நாட்டின் கீவ் நகரில் ஆர்சனல் தொழிற்சாலை செய்தது கீவ் வேகா. அதன் வாரிசு கீவ் 30, படம் 13க்கு 17 மி.மீ. செக் நாட்டு மியோப்டாவின் மிக்ரோமாவும் இந்தக் கூட்டத்தில் சேரும். கனமான, அழகான பொருள்.

சுவிட்சர்லாந்தின் டெஸ்ஸினா தனி ரகம். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமையே தன் சொந்தக் குப்பியில் போட்டு 14க்கு 21 மி.மீ. படம் எடுக்கும். வார் போட்டு மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம். வில் முறுக்கிவிட்டால் ஃபிலிமைத் தானே நகர்த்தும். கிழக்கு ஜெர்மனியின் ரகசியப் போலீஸ் அதை விரும்பிப் பயன்படுத்தியது.

ஒற்றர்களுக்கென்றே செய்ததைப் பார்க்க வேண்டுமானால் சோவியத்தின் எஃப் 21. 1950களின் தொடக்கத்தில் வந்தது. 21 மி.மீ. ஃபிலிம், முறுக்கு வில், கோட்டுப் பொத்தானுக்குப் பின்னால் ஒளியும் லென்ஸ். ஜெர்மனியின் ரோபோட் கேமராவிலிருந்து யோசனை எடுத்தது என்பார்கள்.

இனி வேஷதாரிகள். 1886இல் வந்த ஸ்டிர்ன் உட்சட்டைக் (கோட்டுக்குள் போடும் வெஸ்ட்) கேமரா ஒரு தட்டு மாதிரி வட்டமாக இருக்கும். கழுத்தில் தொங்கவிட்டு உட்சட்டைக்குள் மறைத்தால், லென்ஸ் பொத்தான் துளை வழியாக எட்டிப் பார்க்கும். வட்டக் கண்ணாடித் தகட்டில் ஆறு படம் விழும். 1906 வாக்கில் லண்டனில் வந்த டிக்கா, பாக்கெட் வாட்ச் வேஷம். சாவி கொடுக்கும் திருகின் மூடியைக் கழற்றினால் உள்ளே லென்ஸ். அதிலும் கடிகார முகம் வைத்த ஒரு ரகம் உண்டு. முள்கள் எப்போதும் பத்து மணி ஏழு நிமிடத்தில் நிற்கும், நகரவே நகராது. அந்த இரண்டு முள்களுக்கும் நடுவில் உள்ள கோணம்தான் லென்ஸ் பார்க்கும் கோணம்! வியூஃபைண்டரையே கடிகார முள்ளாக்கியவன் எவனோ, அவனுக்கு ஒரு கும்பிடு.

1949 வாக்கில் வந்த ஸ்டைனெக் கைக்கடிகாரக் கேமராவில் வட்ட வில்லை ஃபிலிமில் எட்டுப் படம். 1951இல் ஜப்பானின் எக்கோ 8, சிகரெட் லைட்டருக்குள் கேமரா. சிகரெட்டும் பற்றவைக்கலாம், படமும் எடுக்கலாம். இதெல்லாம் படத்தில் பார்த்துப் பெருமூச்சு விடும் விலை. முதல் ஐந்து வருஷத்துக்கு இவற்றை மறந்துவிடுங்கள்.

படி 3: முதல் கேமரா எது?

என் யோசனை கீவ் 30. மலிவு, பேட்டரி வேண்டாம், தூரம் வைக்கலாம், ஷட்டர் வேகம் 1/30, 1/60, 1/200 என்று மூன்றுதான். நெகட்டிவின் பரப்பு மினாக்ஸைப் போல இரண்டரை மடங்கு. அதனால் படம் ஓரளவு தெளிவாக வரும். அழகில் கொஞ்சம் முரடு, சோவியத் டிராக்டரின் தம்பி மாதிரி.

பணம் கொஞ்சம் அதிகமாகப் போட முடிந்தால் மினாக்ஸ் பி. நிறையச் செய்தார்கள், இன்னும் நிறைய இருக்கிறது. வெளிச்சமானி செலினியம், வெளிச்சம் பட்டாலே தானே மின்சாரம் தரும் என்பதால் பேட்டரி தேவையில்லை. மினாக்ஸ் சியின் பழைய மெர்க்குரி பேட்டரி இப்போது சந்தையில் இல்லை, மாற்றுக்கு அடாப்டர் தேட வேண்டும்.

ஃபிலிமை நாமே வெட்டிப் போடும் தலைவலியே (படி 7) வேண்டாம் என்பவர்களுக்கு, குப்பியோடு வரும் 110 ஃபிலிம் வகை. கோடாக் 1972இல் கொண்டுவந்தது. கல்ஃபிலிருந்து வந்த மாமாக்கள் பெட்டியில் கொண்டுவந்த நீளக் கேமரா நினைவிருக்கிறதா, அதேதான். 1978இல் வந்த பென்டாக்ஸ் ஆட்டோ 110 அந்த அளவிலேயே லென்ஸ் மாற்றும் எஸ்.எல்.ஆர்., அதாவது லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் கேமரா! லோமோகிராஃபி என்ற கம்பெனி இன்றும் 110 ஃபிலிம் செய்கிறது.

படி 4: எங்கே தேடுவது

சேலத்தில் பழைய சாமான் கடைகளைவிடப் பழைய ஸ்டுடியோக்கள் நல்ல இடம். டிஜிட்டல் வந்தபின் மூடிய ஸ்டுடியோக்களின் மேசை அறைகளில் ஊட்டி ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிம் பெட்டிகளோடு என்னென்னவோ கிடக்கும். நேரே போய் “குட்டிக் கேமரா இருக்கா?” என்று கேட்காதீர்கள். விலை அந்த நொடியே ஏறிவிடும். பழைய டார்க் ரூம் சாமான் வேண்டும் என்று கேளுங்கள். தட்டு, தொட்டி, சிவப்பு விளக்கு என்று ஒவ்வொன்றாக வெளியே வரும்போது மற்றதும் வரும்.

கடிகார ரிப்பேர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சின்ன ஸ்க்ரூ உள்ள எந்தப் பொருளும் கடைசியில் அவர்களிடம்தான் போகிறது.

ஏற்காட்டில் பழைய பங்களாக்கள் கைமாறும்போது சாமான்கள் மொத்தமாக வரும். காப்பித் தோட்டத்துக் குடும்பங்களிடம் வெளிநாட்டுக் கேமராக்கள் இருந்தது உண்மை. ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போவதற்கு முன் படி 8ஐ ஒரு தடவை படித்துவிடுங்கள். அந்த மலைக்கும் லென்ஸுக்கும் ஆகாது.

இணைய ஏலத்தில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் கஸ்டம்ஸ் வரியையும் தபால் செலவையும் முதலிலேயே கூட்டிக்கொள்ளுங்கள். என் இரண்டாவது கீவ், வரியோடு சேர்த்துக் கிட்டத்தட்ட இரு மடங்கு ஆயிற்று.

படி 5: கையில் வாங்கிச் சோதிப்பது

ஒரு மினாக்ஸ் பி உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான் செய்யும் வரிசை இது.

முதலில் இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். சீராக வர வேண்டும். நடுவில் மணல் அரைப்பது போலிருந்தால் உள்ளே தூசி அல்லது காய்ந்த கிரீஸ். திரும்பத் தள்ளும்போது ஒரு மெல்லிய எதிர்ப்பு தெரியும், ஃபிலிமை நகர்த்தும் பல்சக்கரம் வேலை செய்கிறது என்று பொருள். பழைய மினாக்ஸ்களில் திறந்து மூடினாலே, படம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், ஃபிலிம் ஒரு கட்டம் ஓடிவிடும். விருந்தாளிகள் ஆளுக்கொரு முறை திறந்து மூடிப் பார்த்ததிலேயே என் சுருளில் பாதி போன நாள் உண்டு.

இப்போது ஷட்டர். வேகத்தை 1/2இல் வையுங்கள். பின்மூடியை நகர்த்தி, ஃபிலிம் உட்காரும் பக்கத்திலிருந்து லென்ஸை ஒரு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அழுத்துங்கள். அரை விநாடி வெளிச்சம் தெரிந்து மூட வேண்டும். பிறகு 1/30, பிறகு 1/1000. கடைசியில் ஒரு மின்னல்தான் தெரியும். மெதுவான வேகங்கள் மட்டும் இழுத்தால் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். எல்லா வேகமும் ஒரே மாதிரி இருந்தால் வாங்காதீர்கள்.

அங்கேயே இன்னொன்றையும் பாருங்கள். ஃபிலிமை அழுத்திப் பிடிக்கும் குட்டித் தகடு, கேமராவைத் திறக்கும்போது முன்னே வந்து, மூடும்போது பின்னே போக வேண்டும். மினாக்ஸ் ஏ, பி இரண்டிலும் ஃபிலிம் தட்டையாக உட்காராது, லேசாக வளைந்து உட்காரும். லென்ஸ் அப்படிக் கணக்கிட்டுச் செய்யப்பட்டது. அந்தத் தகடு வளைந்திருக்கிறதே என்று ஒரு நண்பர் நகைச் சுத்தியலால் தட்டி நேராக்கினார். நல்ல கேமரா, வீணாய்ப் போனது.

வெளிச்சமானிக்கு முள் அசைகிறதா என்று பார்த்தால் போதாது. ஜன்னலோரம் ஒரு முறை, நிழலில் ஒரு முறை பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே இடத்தில் நின்றால் செலினியம் செத்துவிட்டது. அதனால் கேமராவை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். கைபேசியிலேயே வெளிச்சமானி ஆப் இருக்கிறது.

டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸைப் பாருங்கள். நேராக அடித்தால் எல்லா லென்ஸும் சுத்தமாகத்தான் தெரியும். சாய்த்தால்தான் சிலந்தி வலை போல ஃபங்கஸ் தெரியும்.

கடைசியாக, மிக முக்கியமாக: ஃபிலிம் குப்பி இருக்கிறதா? காலிக் குப்பியாவது இல்லாத குட்டிக் கேமரா காகித வெயிட்டாகத்தான் பயன்படும். பல சமயம் குப்பியைத் தனியாகத் தேடுவது கேமராவைத் தேடுவதைவிடக் கஷ்டம்.

படி 6: கதையை உரசிப் பார்ப்பது

அஞ்சு ரோட்டில் ஒரு வீட்டில் ரீகா மினாக்ஸ் இருக்கிறது, போர்க்காலத்தது என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தேன். மேல்தகட்டில் ‘ரீகா’ என்று பொறித்திருந்தது. எழுத்து மட்டும் கொஞ்சம் ஆழம் அதிகம். சந்தேகம் வந்தது, ஆனால் பெரியவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? “ஐயா, ஒரு மணி நேரம் குடுங்க, தெரிஞ்சவருகிட்ட காட்டிட்டு வர்றேன்” என்றேன். அவரே என்னோடு கிளம்பிவிட்டார்.

நேரே செவ்வாய்ப்பேட்டை, எனக்குப் பழக்கமான வெள்ளிப் பட்டறை. கொலுசு எடை போடும் எலக்ட்ரானிக் தராசில் கேமராவை வைத்தோம்.

“எழுபத்தி ரெண்டு கிராமுங்ணா. என்ன வேணும் இதுல?” என்றார் பட்டறைக்காரர்.

எஃகு உடம்பு ரீகா மினாக்ஸ் 125 கிராமுக்கு மேல் இருக்கும். அலுமினிய மினாக்ஸ் ஏ எழுபது சொச்சம். பொறித்தவன் எழுத்தை மாற்றினான், எடையை மாற்ற முடியவில்லை. பெரியவர் சற்று நேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க அப்பாருகிட்ட எவனோ ஏமாத்திட்டான்” என்றார். மினாக்ஸ் ஏவுக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கிக்கொண்டேன். அதுவும் நல்ல கேமராதான்.

எடை, ஆண்டு, பொறிப்பு மூன்றையும் ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள். பொறிப்பில் சோவியத் உளவுத் துறையான கே.ஜி.பி.யின் சின்னம் இருந்தால் சந்தேகத்தை இரட்டிப்பாக்குங்கள். சோவியத் நாடு உடைந்தபின் சுற்றுலாப் பயணிகளுக்காக அப்படிப் பொறித்துத் தள்ளினார்கள். சோவியத் ஜோர்க்கி, ஃபெட் கேமராக்களைத் தேய்த்து, ஜெர்மனியின் பேர்போன லைக்கா என்று எழுதி, ஹிட்லர் கால முத்திரை குத்தி விற்பது பழைய தொழில். சிகரெட் பெட்டிக்குள் கீவ் வைத்த ‘உளவுக் கேமரா’க்களையும் இதே கண்ணோடு பாருங்கள். பெட்டி புதிதா, உள்ளே பொருத்திய தகட்டில் வேலைப்பாடு எப்படி, யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்பதற்குக் காகிதம் உண்டா? மூன்றும் இல்லையென்றால் அது கீவ் 30 விலைதான்.

தங்க முலாம் பூசிய மினாக்ஸ்? கம்பெனியே செய்ததும் உண்டு, பிறகு யாரோ பூசியதும் உண்டு. நகைக்கடைகள் நிறைந்த ஊரில் இருக்கிறோம், முலாம் பூச எவ்வளவு ஆகும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 7: ஃபிலிம் போட்டுப் படம் எடுப்பது

ஓடாத கேமராவைக் கண்ணாடி அலமாரியில் வைப்பவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. ஆனால் ஒரு சுருளாவது எடுத்துப் பாருங்கள்.

மினாக்ஸ் ஃபிலிமின் அகலம் சுமார் 9.2 மி.மீ. 35 மி.மீ. ஃபிலிமின் இரு ஓரத் துளைகளையும் விட்டுவிட்டு நடுவில் வெட்டினால் இரண்டு பட்டை கிடைக்கும். 16 மி.மீ. என்றால் ஒரு பட்டைதான். 120 ஃபிலிமின் அகலம் 61 மி.மீ., அதில் 16 மி.மீ. பட்டை மூன்று வெட்டலாம். கீவ் 30க்குத் துளையில்லாத ஃபிலிம் நல்லது, படம் 13 மி.மீ. உயரம் என்பதால் துளை உள்ளே வந்து விழும்.

வெட்டும் கருவியை லேத் பட்டறையில் சொல்லிச் செய்துகொண்டேன். இரண்டு கட்டைகளுக்கு நடுவில் ஃபிலிம் ஓடும் பள்ளம், மேல் கட்டையில் சரியாக 16 மி.மீ. இடைவெளியில் இரண்டு அரை பிளேடு. அவ்வளவுதான். முழு இருட்டில் செய்ய வேண்டும், சிவப்பு விளக்கும் கூடாது. முதலில் வீணான ஃபிலிமில் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை பழகுங்கள். விரலை வெட்டிக்கொண்டு இருட்டில் பஞ்சு தேடிய அனுபவத்தில் சொல்கிறேன்.

மினோல்டா 16க்கு 45 செ.மீ. பட்டை போதும், இருபது படம் வரும். இந்த நீளத்தை டெவலப் செய்யத் தொட்டி தேவையில்லை. பட்டையின் இரு நுனியையும் பிடித்து, தட்டில் உள்ள டெவலப்பரில் ஏற்றம் இறைப்பது போல ஒரு கை ஏற, ஒரு கை இறங்க ஆட்டிக்கொண்டே இருந்தால் போதும். பழைய ஸ்டுடியோக்காரர்களின் வழி இது. மருந்தின் சூடு 20 டிகிரி இருக்க வேண்டும். சித்திரை மாதம் சேலத்தில் குழாயைத் திறந்தால் காப்பிக்கு வைத்த தண்ணீர் மாதிரி வரும். தட்டைச் சுற்றி ஐஸ் கட்டி போட்ட பெரிய தாம்பாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம் குறைந்த, ஒளியுணர் துகள் பொடியாக உள்ள ‘பொடிமணல்’ ஃபிலிமையே போடுங்கள். மினாக்ஸ் நெகட்டிவ் 35 மி.மீ. நெகட்டிவில் பத்தில் ஒரு பங்கு. மணல் பெரிதாக இருந்தால் படத்தில் முகம் ரவை உப்புமா மாதிரி ஆகிவிடும்.

படி 8: மலைக்கும் சமவெளிக்கும் வேறு வேறு பாதுகாப்பு

சேர்வராயன் மலையில் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். ஆடியில் ஏறும் பனிமூட்டமும் ஈரமும் கார்த்திகை வரை இறங்காது. லென்ஸில் பூஞ்சைக்கு இதைவிட நல்ல விடுதி வேண்டாம். அது கண்ணாடிமேல் ஒட்டிய தூசியையும் எண்ணெயையும் தின்று வளரும். அதிலிருந்து கசியும் அமிலம் லென்ஸின் மேல்பூச்சை அரித்துவிடும். ஆரம்பத்தில் துடைத்தால் போய்விடும், அரித்தபின் ஒன்றும் செய்ய முடியாது.

அங்கே ஓர் எஸ்டேட் வீட்டில் நீல நிற மினோல்டா 16 வாங்கினேன். தோல் உறைக்குள், அலமாரியில், அந்துருண்டையோடு பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தார்களாம். அவர்கள் பத்திரம் என்று நினைத்த மூன்றும்தான் தப்பு. தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். மூடிய அலமாரியில் காற்று ஓடாது. அந்துருண்டை ஆவி சின்னச் சின்னப் படிகமாக உள்ளே படியும். உறையின் பித்தளை ஆணிகளில் பச்சைக் களிம்பு பூத்து, அது கேமராவின் நீலப் பூச்சிலும் வட்டமாக அச்சுப் பதிந்திருந்தது. லென்ஸில் வெள்ளைச் சல்லிவேர்.

கேமரா வேறு, தோல் உறை வேறு என்று பிரித்து வையுங்கள். ரப்பர் வளையம் போட்ட காற்றுப் புகாத டப்பா, உள்ளே சிலிகா ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40இலிருந்து 50 சதவீதத்துக்குள் ஈரப்பதம் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மெதுவாக வறுத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், வீட்டில் பஞ்சாயத்து ஆகும்.

சேலத்தில் எதிர்த் தொல்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மத்தியானம் விட்டால் கிரீஸ் உருகி ஷட்டர் இதழ்களில் பரவும். பீரோவில் நடுத்தட்டு நல்லது, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரண் ஆகாது. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, எல்லா வேகத்திலும் பத்துப் பத்து முறை ஷட்டரை அடித்து வையுங்கள். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுகூட விடாதீர்கள். இறுகிய ஷட்டர் அன்றைக்கு ஓடும், ஆறு மாதத்தில் முன்னைவிட இறுகும்.

படி 9: சட்டமும் சங்கடமும்

இந்தக் கேமராக்களை வைத்திருப்பதில் தப்பில்லை. ஆள் தெரியாமல் படம் எடுப்பதில்தான் வம்பு. பெண்களின் அந்தரங்கத்தை ஒளிந்து படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் குற்றம், கேமரா 1938இல் செய்ததா நேற்றுச் செய்ததா என்று சட்டம் பார்க்காது. கல்யாண வீட்டில் லைட்டர் கேமராவை எடுத்து வேடிக்கை காட்டினால்கூட முதலில் சொல்லிவிட்டுக் காட்டுங்கள். நூறு வருஷம் தாண்டிய பொருளை வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

படி 10: ஒரு நோட்டு

நீளவாக்கில் ஒரு கணக்கு நோட்டு போதும். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு பக்கம். வரிசை எண், எடை, ஷட்டர் நிலை, லென்ஸ் நிலை, வாங்கிய தேதி, கொடுத்த காசு. பிறகு பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் ‘பார்த்தது’, வலது பக்கம் ‘சொன்னது’. விற்றவர் சொன்ன கதையைப் பொய் என்று தெரிந்தாலும் வலது பக்கத்தில் அவர் வார்த்தையிலேயே எழுதிவிடுவேன். கோட்டைத் தாண்டி இடது பக்கம் வர அதற்கு ஆதாரம் வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் நாற்பத்தொரு கேமரா, கோட்டைத் தாண்டிய கதை இரண்டே இரண்டு.

என் நோட்டின் முதல் பக்கம் இப்படி இருக்கிறது. பார்த்தது: ஹிட் வகை, ஜப்பான், லென்ஸில் கீறல், ஷட்டர் ஓடுகிறது, 2,800 ரூபாய். சொன்னது: “சி.ஐ.டி. கேமரா, எஸ்டேட்டு வெள்ளைக்காரன் வெச்சிருந்தது.”